இருபத்தைந்தாவது கதவு

நுழையும்முன்

தம் உழைப்பில் வாழ்வதும் தம் வாழ்வைத் தாமே அமைத்துக்கொள்வதும் இளமைக்கே உரிய வேட்கைகள். உடல் தன் விருப்பத்துக்கு மாறாக அசைந்தும் ஒலித்தும் கொண்டிருக்கும் ஒருவருக்கு அவ்வேட்கை எவ்வாறு நிறைவேறும்? நரம்பியல் குறைபாடு ஒன்றின் இயல்பையும், அதனோடு வாழ்ந்தே ஆசிரியராக உயர்ந்த ஓர் இளைஞரின் முயற்சியையும் இக்கட்டுரை விளக்குகிறது.

டூரெட் குறைபாடு

பிரான்சு நாட்டின் தலைநகர் பாரிசில் உள்ள சால்பெட்ரியே மருத்துவமனையில் பணியாற்றியவர் ஜில் த லா டூரெட். நரம்பியல் மருத்துவரான இவர், விருப்பமின்றியே அசைவுகளையும் ஒலிகளையும் வெளிப்படுத்திய ஒன்பது பேரைப் பற்றி 1885ஆம் ஆண்டு விரிவாக எழுதினார். அவருடைய ஆசிரியர் ஷார்கோ, அக்குறைபாட்டுக்குத் தம் மாணவரின் பெயரையே சூட்டினார். அதுவே இன்று 'டூரெட் சின்ட்ரோம்' என வழங்குகிறது.

இக்குறைபாட்டில் தோன்றும் அசைவுகளையும் ஒலிகளையும் மருத்துவர்கள் 'டிக்' என்பர். கண் சிமிட்டுதல், தோளைக் குலுக்குதல், தலையை வெட்டி இழுத்தல் ஆகியன அசைவு டிக்குகள். தொண்டையைச் செருமுதல், மூக்கை உறிஞ்சுதல், திடீரென ஒலியெழுப்புதல் ஆகியன ஒலி டிக்குகள். ஒன்றுக்கு மேற்பட்ட அசைவு டிக்குகளும் குறைந்தது ஓர் ஒலி டிக்கும் பதினெட்டு வயதுக்குள் தோன்றி, ஓராண்டுக்கு மேல் நீடித்தால் அது டூரெட் எனக் கண்டறியப்படும். பெரும்பாலும் ஐந்து முதல் ஏழு வயதுக்குள் தொடங்கும் இக்குறைபாடு, பத்து முதல் பன்னிரண்டு வயதளவில் உச்சத்தை அடையும். வளர வளரப் பலருக்குக் குறையும். சிலருக்கோ வாழ்நாள் முழுவதும் நீடிக்கும். பெண் குழந்தைகளைவிட ஆண் குழந்தைகளிடம் இது மிகுதியாகக் காணப்படுகிறது. இது தொற்றுநோய் அன்று. அறிவுத்திறனைக் குறைப்பதும் அன்று.

அடக்குவதன் சுமை

"சிறிது நேரம் அடக்கிக்கொள்ளக் கூடாதா?" என்னும் கேள்வியே இவர்கள் மிகுதியாக எதிர்கொள்வது. தும்மல் வருவதற்குமுன் மூக்கில் ஓர் உறுத்தல் தோன்றுவதுபோல, டிக் வருவதற்குமுன்னும் உடலில் ஒரு தவிப்பு எழுகிறது. தும்மலைச் சில நொடிகள் அடக்கலாம். என்றும் அடக்கிவைத்தல் இயலாது. வகுப்பில் ஒலியெழாமல் காக்க முயலும் மாணவரின் கவனம் முழுவதும் அம்முயற்சியிலேயே செலவாகிறது. பாடம் செவியில் விழுவதில்லை. அச்சமும் பதற்றமும் கூடும்போது டிக்குகளும் கூடுகின்றன. அதனால் அதட்டுதல், அது தடுக்க நினைப்பதையே வளர்த்துவிடுகிறது.

டூரெட் உள்ளவர் அனைவரும் தகாத சொற்களைக் கத்துவர் என்பது பரவலான தவறான எண்ணம். ஏறத்தாழப் பத்தில் ஒருவரிடமே அவ்வாறு நிகழ்கிறது. அதுவும் அவர்தம் உள்ளத்தின் கருத்தன்று.

ஓர் இளைஞரின் வேட்கை

1973ஆம் ஆண்டு பிறந்த பிராட் கோஹன், அமெரிக்காவின் செயிண்ட் லூயிஸ் நகரில் வளர்ந்தவர். குரைப்பது போன்ற ஒலியும் கழுத்து வெட்டலும் அவரை இளமையிலேயே பற்றிக்கொண்டன. வேண்டுமென்றே குறும்பு செய்வதாகக் கருதிய ஆசிரியர் ஒருவர், வகுப்பின்முன் நிறுத்தி அவரை மன்னிப்புக் கேட்கச் செய்தார். பின்னர், வேறொரு பள்ளியின் தலைமையாசிரியர், அனைவரும் கூடியிருந்த அரங்கில் அவரை மேடைக்கு அழைத்தார். தம் நிலையைத் தாமே விளக்குமாறு கூறினார். சிறுவனின் விளக்கத்தைக் கேட்ட அரங்கம் கைதட்டியது. மன்னிப்பு மாற்றாத ஒன்றைச் சில நிமிட விளக்கம் மாற்றியது. தமக்குக் கிட்டாத ஆசிரியராகத் தாமே ஆக வேண்டும் என்னும் எண்ணம் அவருள் வேரூன்றியது.

பல்கலைக்கழகப் படிப்பைச் சிறப்பாக முடித்துவிட்டு, ஜார்ஜியா மாநிலத்தில் வேலை தேடினார். நேர்காணலில் தம் குறைபாட்டை மறைக்காமல் எடுத்துரைத்தார். இருபத்து நான்கு பள்ளிகள் அவரை ஏற்கவில்லை. மாற்றுத்திறனாளர்க்குப் பணியில் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கும் சட்டம் அந்நாட்டில் 1990ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டிருந்தது. எனினும் சட்டம் திறக்கச் சொன்ன கதவை மனிதரல்லவா திறக்க வேண்டும்! இருபத்தைந்தாவதாக அணுகிய தொடக்கப்பள்ளி அவருக்குப் பணி வழங்கியது. புதிய மாணவர்களிடம் அவர் முதலில் பேசியது டூரெட்டைப் பற்றியே. குழந்தைகள் தயக்கமின்றிக் கேள்வி கேட்டனர்; விடை கிடைத்ததும் அந்த ஒலியை வகுப்பின் இயல்பாக ஏற்றுக்கொண்டனர். 1997ஆம் ஆண்டு, ஜார்ஜியா மாநிலத்தின் சிறந்த முதலாண்டு ஆசிரியர் என்னும் சிறப்பு அவரை வந்தடைந்தது.

எது தற்சார்பு?

டூரெட்டை முற்றிலும் நீக்கும் மருந்து இன்றுவரை இல்லை. மருந்துகள் டிக்குகளின் வேகத்தைத் தணிக்கின்றன. தவிப்பு எழும்போதே அதை உணர்ந்து, டிக்குக்கு மாற்றாக வேறோர் அசைவைச் செய்யும் பயிற்சியும் பலருக்குப் பயன் தருகிறது. ஆயினும் குணமான பிறகே வாழத் தொடங்குவது என்றால், காத்திருப்பிலேயே இளமை கழிந்துவிடும்.

தனித்து வீடெடுக்க, பேருந்தில் செல்ல, நூலகத்தில் அமர, வேலை பெற, டூரெட் உள்ள இளைஞர் ஒவ்வொரு நாளும் அறியாதவர் நடுவே செல்ல வேண்டியுள்ளது. மறைப்பதற்குச் செலவிடும் ஆற்றலை வாழ்வதற்குச் செலவிட முடிவதே அவருக்குத் தற்சார்பு. அதில் பாதி அவர் கையில் உள்ளது. மறுபாதி, ஒலி வந்த திசையில் திரும்பிப் பார்த்தபின் இயல்பாகத் தம் பணியைத் தொடரும் மற்றவர் கையில் உள்ளது.

தெரியுமா?

பிராட் கோஹனின் தன்வரலாற்று நூலைத் தழுவி 2018ஆம் ஆண்டு 'ஹிச்கி' என்னும் இந்தித் திரைப்படம் வெளியானது. அமெரிக்கக் கால்பந்து அணியின் இலக்குக் காவலராக உலகக்கோப்பைப் போட்டிகளில் ஆடிய டிம் ஹோவர்டும் டூரெட் குறைபாடு உடையவரே.

கற்பவை கற்றபின்

1. டூரெட் குறைபாடுள்ள மாணவர் ஒருவர் உங்கள் வகுப்பில் புதிதாகச் சேர்கிறார் எனில், தேர்வறையிலும் வகுப்பறையிலும் செய்யத்தக்க மாற்றங்களைக் குழுவாகக் கலந்துரையாடிப் பட்டியலிடுக.

2. 'மன்னிப்பு மாற்றாததை விளக்கம் மாற்றியது' என்னும் கருத்தை விளக்கி ஒரு பக்க அளவில் எழுதுக.