எக்கானமி சீட்... ஃபர்ஸ்ட் கிளாஸ் டிபன்! விமானத்துக்கு நாமே சாப்பாடு எடுத்துட்டுப் போகலாமா?

நடு சீட். முழங்கால் முன் சீட்டில் இடிக்குது. ஆனா, அந்தக் குட்டி ட்ரே டேபிள் மேல ஒரு டின் காவியர், உருளைக்கிழங்கு சிப்ஸ், பக்கத்துல பாலாடைக்கட்டி, ஒரு கிளாஸில் நுரைக்கும் ஷாம்பெயின். 'எக்கானமி டிக்கெட்டில் ஃபர்ஸ்ட் கிளாஸ்' என்று ஓடும் இந்த மாதிரி ரீல்ஸை நீங்களும் பார்த்திருப்பீங்க. ஐடியா என்னவோ நல்ல ஐடியாதான். சீட்டை அப்கிரேடு பண்ண லட்சத்தில் பணம் வேணும். சாப்பாட்டை அப்கிரேடு பண்ண சில ஆயிரம் போதும்.

ஆனா, அந்த ரீல்ஸில் காட்டாத சில விஷயங்கள் இருக்கு. அதுல ஒண்ணு, உங்களை விமானத்தில் ஏறவே விடாமல் செய்யக்கூடியது. அதிலிருந்தே ஆரம்பிக்கலாம்.

பாட்டிலைத் திறந்தா போச்சு!

சொந்தமாக வாங்கிய மது, அது டூட்டி ஃப்ரீயில் பில் போட்டு வாங்கினதா இருந்தாலும், விமானத்துக்குள்ள அதைத் திறந்து நீங்களே ஊத்திக் குடிக்கக் கூடாது. அமெரிக்காவில் இது சட்டமாகவே எழுதப்பட்டிருக்கு. விமான நிறுவனம் பரிமாறாத எந்த மதுவையும் பயணி குடிக்கக் கூடாது. மற்ற நாட்டு விமானங்களிலும் நடைமுறை பெரும்பாலும் இதேதான். காரணம் சிம்பிள். நீங்க எத்தனை கிளாஸ் குடிச்சிருக்கீங்கன்னு கேபின் க்ரூவுக்குத் தெரியணும். 35,000 அடி உயரத்தில் ஒருத்தர் நிதானம் இழந்தா, அவரை இறக்கிவிட்டுப் போக வழியில்லை.

இந்தியாவின் உள்நாட்டு விமானங்களில் மது பரிமாறுவதே கிடையாது. பையில் இருக்கும் பாட்டிலை யாருக்கும் தெரியாம திறந்து, போதையில் ரகளை பண்ணினால், 2017-ல் டி.ஜி.சி.ஏ கொண்டுவந்த விதிகள் பாயும். வாய்ச்சண்டை அளவில் இருந்தால் 3 மாதங்கள் வரை பறக்கத் தடை. கைகலப்பு என்றால் 6 மாதங்கள் வரை. உயிருக்கு ஆபத்து என்கிற அளவுக்குப் போனால் குறைந்தது 2 ஆண்டுகள்.

டூட்டி ஃப்ரீயில் சீல் வெச்ச பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொடுக்கறாங்களே, அதை வீடு போய்ச் சேரும் வரை பிரிக்காதீங்க. இடையில் வேறு ஏர்போர்ட்டில் விமானம் மாற வேண்டியிருந்தால், சீல் பிரிந்த பாட்டில் அங்கே குப்பைத்தொட்டிக்குத்தான் போகும். ஷாம்பெயினில் இன்னொரு சிக்கலும் இருக்கு. பாட்டிலுக்குள் நம்மைச் சுற்றியுள்ள காற்றைப் போல சுமார் 6 மடங்கு அழுத்தம். கேபினில் காற்றழுத்தம் தரையில் இருப்பதைவிடக் குறைவு. திறந்தால் பக்கத்து சீட்காரர் சட்டை மேலயும் நுரை வரும். அதனால, ரீல்ஸில் வந்தாலும் ஷாம்பெயினை லிஸ்ட்டிலிருந்து அடிச்சிடுங்க. குடிச்சே ஆகணும்னா, க்ரூ தருவதை வாங்கிக்கங்க.

காவியரும் தண்ணி மாதிரிதான்!

அடுத்தது செக்யூரிட்டி. 2006 ஆகஸ்ட்டில், லண்டனிலிருந்து கிளம்பும் விமானங்களைத் திரவ வெடிபொருளால் தகர்க்கத் திட்டமிட்ட கும்பல் பிடிபட்டது. அதன் பிறகு வந்ததுதான் சர்வதேச விமானங்களில் 100 மி.லி கட்டுப்பாடு. 'திரவம்'னா தண்ணி, ஜூஸ் மட்டும்னு நினைச்சா மாட்டிக்குவீங்க. ஊத்துறது, தடவுறது, பாத்திரத்தின் வடிவத்துக்கு மாறுறது எல்லாமே இந்தக் கணக்கில்தான் வரும். தேன், நெய், தயிர், நட்டெல்லா, கமாம்பேர் மாதிரி மென்மையான சீஸ், ஏன், காவியரும்கூட! பார்மசான் மாதிரி கெட்டியான சீஸ் கட்டிக்குப் பிரச்னை இல்லை.

கணக்கு பாட்டிலின் கொள்ளளவுக்குத்தான். 200 மி.லி பாட்டிலில் அடியில் கொஞ்சூண்டு நெய் இருந்தாலும் விடமாட்டாங்க. 30 கிராம் காவியர் டின் என்றால் தப்பிச்சிடும். சில வெளிநாட்டு ஏர்போர்ட்களில் புது ஸ்கேனர்கள் வந்து இந்த விதியைத் தளர்த்திட்டாங்க. ஆனா, திரும்பி வரும் ஏர்போர்ட்டில் பழைய விதியே இருக்கலாம் என்பதையும் கணக்கில் வெச்சுக்கங்க.

அந்த டின்னை எப்படிக் குளிர்ச்சியாக வெச்சுக்கறது? காவியர் 4 டிகிரிக்கு மேல் போகக் கூடாத சமாசாரம். கெட்டுப்போகும் உணவு எதுவாக இருந்தாலும் ஃப்ரிட்ஜுக்கு வெளியே 2 மணி நேரம், வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் 1 மணி நேரம்தான் என்பது உணவுப் பாதுகாப்புக் கணக்கு. சென்னை மாதிரி ஊரில் சர்வதேச விமானத்துக்கு 3 மணி நேரம் முன்னாடியே கிளம்பிப் போறவங்களுக்கு இது விளையாட்டு இல்லை. ஜெல் ஐஸ் பேக் உருக ஆரம்பிச்சிருந்தா அதையும் திரவமாகப் பார்ப்பாங்க. ஈஸியான வழி, அகலமான வாயுள்ள ஃபிளாஸ்க்கைக் காலியாக எடுத்துட்டுப் போய், செக்யூரிட்டி தாண்டினதும் அங்குள்ள காபிக் கடையில் ஐஸ் கேட்டு நிரப்பிக்கறது.

நாக்கு வேற மூடில் இருக்கும்

இவ்வளவு கஷ்டப்பட்டு எடுத்துட்டுப் போறது மேலே ருசிக்குமா? எனக்கு இந்த மேட்டரில் ரொம்பப் பிடிச்ச பகுதியே இதுதான்.

கேபினுக்குள் காற்றின் ஈரப்பதம் 20 சதவிகிதத்துக்கும் கீழே. மூக்கு வறண்டுவிடும். மூக்கு வறண்டா பாதி ருசி போச்சு. காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயரத்தில் இருப்பது மாதிரி இருக்கும்; அதாவது, ஏறத்தாழ ஊட்டியில் உட்கார்ந்து சாப்பிடுற கணக்கு. ஜெர்மனியின் லுஃப்தான்சா, தன் பயணிகள் ஏன் இவ்வளவு தக்காளி ஜூஸ் குடிக்கிறாங்கன்னு குழம்பிப்போய், ஃப்ரான்ஹோஃபர் ஆய்வு நிறுவனத்திடம் கேட்டது. அவங்க தரையிலேயே விமானச் சூழலை உருவாக்கிச் சாப்பிடவெச்சுப் பார்த்தாங்க. உப்பும் இனிப்பும் மங்கிப்போச்சு. புளிப்பும் கசப்பும் பெருசா அசையலை. ஏலக்காய் மாதிரி மசாலா மணங்களும் தாக்குப்பிடிச்சது.

2015-ல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகம் இன்னொண்ணைக் கண்டுபிடித்தது. விமானத்தின் 85 டெசிபல் இரைச்சலைக் காதில் கேட்டுக்கிட்டே சாப்பிட்டால் இனிப்பு குறைவாகத் தெரிகிறது. உமாமி அதிகமாகத் தெரிகிறது. உமாமி என்பது தக்காளி, காளான், பழைய சீஸ், கருவாடு இதிலெல்லாம் நாக்கை இழுக்கும் அந்த ஆழமான சுவை. தக்காளி ஜூஸ் ரகசியம் இப்போ புரியுதா?

அப்படிப் பார்த்தா, காவியருக்குக் கொடுக்கும் காசு ஓரளவு நியாயம்தான், அது உமாமி ரகம். விலை உயர்ந்த மில்க் சாக்லேட், மக்கரூன் எல்லாம் மேலே போனால் சப்புன்னு இருக்கும். அதுக்குப் பதில் 70 சதவிகித டார்க் சாக்லேட் எடுத்துக்கலாம். என் ஓட்டு நல்லா முதிர்ந்த பார்மசான், உலர்த்திய தக்காளி, மெல்லிய கிராக்கர்ஸ், நாலு மெட்ஜூல் பேரீச்சை. மொத்தமும் ஒரு சின்ன டப்பாவில் அடங்கிடும், ஐஸும் வேணாம். இந்த ஆய்வுகளின்படி புளியோதரையும் பிரமாதமாக பாஸ் ஆகிடும். பெருங்காய வாசனையைப் பக்கத்து சீட்காரர் எப்படி எடுத்துக்குவார் என்பதுதான் கேள்வி.

வாசனை நிஜமாவே பெரிய விஷயம். ப்ளூ சீஸ், கருவாடு, டூரியன் எல்லாம் மூடின கேபினில் சண்டைக்கு அழைப்பு. வேர்க்கடலை அலர்ஜி உள்ளவங்க இருப்பதாக க்ரூ அறிவித்தால், கடலைப் பாக்கெட்டை அப்படியே உள்ள வெச்சிடுங்க. 'கொஞ்சம் சூடு பண்ணித் தாங்க'ன்னு கேட்டால் பெரும்பாலும் மறுத்துடுவாங்க. யாருடைய சாப்பாடு எப்போ சமைச்சதுன்னு அவங்களுக்குத் தெரியாது. சில பட்ஜெட் ஏர்லைன்ஸ் வெளிச் சாப்பாட்டையே அனுமதிக்கறதில்லை. டிக்கெட் போடும்போதே அந்த வரியைத் தேடிப் படிச்சிடுங்க.

மிச்சம் வெச்சா காசு போகும்

கடைசி கேட், போய் இறங்கும் நாடு. 2022-ல் பாலியிலிருந்து ஆஸ்திரேலியாவின் டார்வினில் இறங்கிய ஒரு பயணியின் பையில் 2 மெக்மஃபின்னும் ஒரு ஹாம் குரோசான்ட்டும் இருந்தன. அவர் அதைச் சொல்லாமல் விட்டதற்கு அபராதம் 2,664 ஆஸ்திரேலிய டாலர். இந்தியப் பணத்தில் ஒரு லட்சத்துக்கு மேல! ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்குள் வெளியிலிருந்து இறைச்சியோ பால் பொருட்களோ எடுத்துப் போகத் தடை இருக்கு. அந்த லிஸ்ட்டில் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவும் மாட்டும். காவியருக்கோ, அருகிவரும் மீனினத்தின் முட்டை என்பதால், ஒருத்தருக்கு 125 கிராம்தான் என்ற சர்வதேச வரம்பே இருக்கு.

அதனால, தரையிறங்க ஒரு மணி நேரம் இருக்கும்போதே டப்பாவைக் காலி பண்ணிடுங்க. முடியலைன்னா, குப்பை வாங்க வரும் க்ரூவிடம் கொடுத்துடுங்க. அப்பவும் ஏதாவது பையில் இருந்தால், ஆஸ்திரேலியா மாதிரி நாடுகளில் தரும் கார்டில் 'உணவு இருக்கிறதா?' என்ற கேள்விக்கு 'ஆம்'னு டிக் பண்ணிடுங்க. சொல்லிட்டா, அதிகபட்சம் அந்த சீஸ் மட்டும்தான் போகும்.