எழுப்புதலைத் தேடும் திருச்சபை: சித்தியவானை முன்னிறுத்தி ஒரு விளக்கம்

முன்னுரை

மலேசியத் தமிழ்க் கிறித்தவர்களின் சமய வழக்கில் பெரிதும் பயிலும் சொற்களுள் ‘எழுப்புதல்’ என்பதும் ஒன்றாகும். எழுப்புதல் கூட்டம், எழுப்புதல் செபம், எழுப்புதல் முகாம் எனப் பல தொடர்களில் அது அடையாக நின்று வருகிறது. அச்சொல் குறிக்கும் நிகழ்வு யாது? மனிதர் அதனைத் தேட இயலுமா? அது நிகழ்ந்தது என்பதை எவ்வாறு அறிவது? பேராக் மாநிலத்துச் சித்தியவானை நிலைக்களனாகக் கொண்டு, வரலாற்றுச் சான்றுகளின் வழி இவ்வினாக்களுக்கு விளக்கம் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொல்லும் பொருளும்

‘எழு’ என்பது தன்வினை. ‘எழுப்பு’ என்பது பிறவினை. எழுச்சி தானே தோன்றலாம். எழுப்புதலுக்கோ எழுப்புபவர் ஒருவர் வேண்டும். தமிழ் விவிலியத்தில் சங்கீதம் 85, ஆபகூக் 3 ஆகிய பகுதிகளில் பயின்று வரும் ‘உயிர்ப்பி’ என்பதும் பிறவினையே. அவ்விரண்டு இடங்களிலும் அச்சொல் கடவுளை நோக்கிய வேண்டுதலாகவே அமைந்துள்ளது. உறங்குகின்றவன் தன்னைத் தானே எழுப்பிக்கொள்ள இயலாது என்னும் இறையியல் கருத்து இவ்வாறு சொல்லின் இலக்கணத்திலேயே பொதிந்துள்ளது.

அவ்வாறாயின், தேடுதல் என்னும் மனித முயற்சிக்கு இடம் யாது? மேலை நாட்டிலும் இவ்வினா இரு வேறு விடைகளைப் பெற்றது. அமெரிக்காவின் நார்தாம்டன் நகரில் தாம் கண்டவற்றை 1737-இல் நூலாக வெளியிட்ட ஜோனதன் எட்வர்ட்ஸ், எழுப்புதலை மனிதர் எதிர்பாராத இறைச் செயலாகக் கண்டார். 1835-இல் எழுப்புதல் பற்றிய விரிவுரைகளை வெளியிட்ட சார்லஸ் ஃபின்னி, உரிய வழிமுறைகளை முறையாகக் கையாண்டால் அது விளையும் என்றார். இன்று நாள் குறித்து நடத்தப்படும் எழுப்புதல் கூட்டங்கள் பெரும்பாலும் ஃபின்னியின் வழிப்பட்டவை; அவற்றில் ஏறெடுக்கப்படும் வேண்டுதல்களோ எட்வர்ட்ஸின் கருத்தை ஒட்டியவை. இம்முரணை மனத்திற்கொண்டே நம் சபைகளின் வரலாற்றை அணுகுதல் வேண்டும்.

சித்தியவானும் அதன் இரு சமூகங்களும்

சித்தியவானின் குடியேற்ற வரலாறு கிறித்தவத்தோடு பிணைந்தது. 1903-ஆம் ஆண்டில் சீனாவின் ஃபூச்சோ பகுதியிலிருந்து முந்நூற்றுக்கும் மேற்பட்டோர் இங்கு வந்து குடியமர்ந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் மெதடிஸ்டுக் கிறித்தவர்கள். பேராக் அரசின் நெல் விளைவிக்கும் நோக்கத்திற்காக, லூரிங் என்னும் செருமானிய மிஷனெரி சீனாவுக்குச் சென்று அவர்களைத் திரட்டினார். குடியேறியவர்கள் பின்னர் நெல்லை விடுத்து இரப்பரை நாடினர். கம்போங் கோவில் அவர்கள் நிறுவிய சபை ஒரே வேளையில் வழிபாட்டிடமாகவும் சமூக அமைப்பாகவும் விளங்கியது.

தமிழர் நிலை வேறு. சித்தியவான், ஆயர் தாவார், பந்தாய் ரெமிஸ் வட்டாரத் தோட்டங்களுக்குத் தமிழர்கள் சபையாக வரவில்லை, தொழிலாளராக வந்தனர். அவர்களுள் கிறித்தவர் சிறுபான்மையினர். சீனக் குடியேறிகள் தங்கள் போதகரோடு வந்திறங்க, தமிழ்க் கிறித்தவர்களோ சிதறிய தோட்டங்களில் சபையைப் புதிதாகக் கட்டியெழுப்ப வேண்டியிருந்தது. மலேசிய மெதடிஸ்டுத் திருச்சபையில் தமிழ், சீனம், ஆங்கிலம் என மொழிவழி ஆண்டுப் பேரவைகள் அமைந்திருப்பது இத்தகைய வேறுபட்ட வரலாறுகளின் தொடர்ச்சியே எனலாம். ஆகவே, தமிழ்ச் சபைகளின் எழுப்புதல் மரபை அறிய, அவற்றின் வேர்கள் அமைந்த தமிழகத்தை நோக்குதல் இன்றியமையாததாகிறது.

திருநெல்வேலி, 1860

தமிழ்க் கிறித்தவ வரலாற்றில் எழுப்புதலுக்குச் சிறந்த சான்று 1860-இல் திருநெல்வேலிச் சீமையில் நிகழ்ந்ததாகும். அதன் நடுநாயகமாக விளங்கியவர் ஜான் கிறிஸ்தியான் அருளப்பன் (1810–1867). இவர் ரேனியஸ் பாதிரியாரிடம் கல்வி கற்றவர். ஆந்தனி நாரிஸ் குரோவ்ஸ் என்பாரின் கருத்துகளால் ஈர்க்கப்பட்டவர். மிஷன் சங்கத்தின் நிலையான ஊதியத்தை நம்பாது, திருவில்லிபுத்தூர் வட்டாரத்தில் கிறிஸ்தியான்பேட்டை என்னும் ஊரை 1840-களில் உருவாக்கிப் பணியாற்றினார்.

1860 மார்ச்சு மாதத்தில் அங்குத் தொடங்கிய எழுப்புதலில் அழுகையும் நடுக்கமும் பாவ அறிக்கையும் காட்சிகளும் அந்நிய பாஷை பேசுதலும் இடம்பெற்றன. இவ்வுணர்ச்சி வெளிப்பாடுகளைக் குறித்து மிஷனெரிகளிடையே கருத்து வேறுபாடு நிலவியது. ஆயினும் வரலாற்று நோக்கில் மூன்று கூறுகள் சிறப்பாகக் கருதத்தக்கவை. முதலாவது, அதனை முன்னின்று நடத்தியோர் தமிழர்களே. இரண்டாவது, சாதாரண மக்கள், பெண்கள் உட்பட, ஊர் ஊராகச் சென்று சான்று பகர்ந்தனர். மூன்றாவது, வெளிநாட்டு ஊதியத்தைச் சாராத ஒரு பணிமுறை ஏற்கெனவே அங்கு நிலைபெற்றிருந்தது. எழுப்புதலை மனிதர் உண்டாக்கவில்லை எனக் கொள்வோரும், அதனை ஏற்றுத் தாங்கத்தக்க களம் பல்லாண்டுகளாகப் பண்படுத்தப்பட்டிருந்தது என்பதை மறுக்க இயலாது. எட்வர்ட்ஸ், ஃபின்னி ஆகிய இருவரின் கருத்துகளும் இவ்விடத்தில் ஒன்றையொன்று நிறைவு செய்கின்றன.

எச்சரிக்கையாக அமையும் சான்று

எழுப்புதல் யாவும் நற்பயனில் முடிந்தன என்று கூறுவது வரலாற்றுக்குப் புறம்பாகும். 1873-இல் திருவிதாங்கூரில் தோன்றிய எழுப்புதலின் தலைவர்களுள் ஒருவர், பிராமணக் குடும்பத்திலிருந்து கிறித்தவம் தழுவிய யூஸ்துஸ் ஜோசப். கவித்திறமும் கல்வியும் மிக்க அவரும் அவரைச் சார்ந்தோரும், கிறிஸ்து 1881-இல் மீண்டும் வருவார் என அறிவித்தனர். அவ்வாண்டு அவ்வாறே கழிந்தது. அவர்களுள் ஒரு பகுதியினர் ‘யுயோமயம்’ எனத் தனிச் சமயப் பிரிவாயினர். உணர்ச்சியின் மெய்ம்மை கொள்கையின் மெய்ம்மைக்குச் சான்றாகாது என்பதனை இந்நிகழ்வு உணர்த்துகிறது. சோதித்தறியும் ஆசிரியத்துவம் குன்றிய இடத்தில் எழுப்புதல் சபையைப் பிளக்கவும் கூடும்.

ஜான் சங்: கூட்டத்திற்குப் பின்

மலாயாவை நோக்கித் திரும்பினால், சீனச் சபைகளிடையே எழுப்புதலுக்குப் பெயர்பெற்றவர் ஜான் சங் (1901–1944) ஆவார். ஃபூச்சோ நகரைத் தலைநகராகக் கொண்ட ஃபூக்கியன் மாநிலத்தில், மெதடிஸ்டுப் போதகர் ஒருவரின் மகனாகப் பிறந்த அவர், 1926-இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் முனைவர் பட்டம் பெற்றவர். 1935 முதல் 1939 வரை தென்கிழக்காசியாவுக்குப் பன்முறை வந்து, மொழிபெயர்ப்பாளர் துணையோடு பிரசங்கித்தார்.

அவர்தம் பணியில் இரு கூறுகள் நம் கவனத்திற்குரியவை. பாவத்தைப் பொதுவாக அறிக்கையிடுவதோடு அமையாது, ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி அறிக்கையிடவும், பிறர்க்கு இழைத்த தீங்கைச் சரிசெய்யவும் வேண்டுமென அவர் வலியுறுத்தினார். அடுத்து, கூட்டம் முடிந்து புறப்படுமுன், இருவர் அல்லது மூவர் கொண்ட குழுக்களை அமைத்து, வாரந்தோறும் வெளியே சென்று சான்று பகரும் பொறுப்பை அவர்களிடம் ஒப்படைத்தார். பேச்சாளர் சென்ற பின்னும் பணி தொடர்ந்தமைக்கு இக்குழுக்களே பெருங்காரணம்.

இன்றைய நிலை

தோட்டத் துண்டாடலும், இரப்பர் செம்பனைக்கு இடங்கொடுத்தமையும், நகர்நோக்கிய குடிப்பெயர்ச்சியும் பேராக் தமிழர் வாழ்வைப் பெரிதும் மாற்றியுள்ளன. தோட்டத்தோடு தோட்டச் சபையும் கலைகிறது. தமிழ் விவிலியத்தை வாசிக்க இயலாத இளையோர் பாடல்களைச் செவிவழியே கற்று, பிற எழுத்தில் திரையில் கண்டு பாடும் நிலையும் தோன்றியுள்ளது. இச்சூழலில் எழுப்புதலைத் தேடும் சபை எதனைத் தேடுகிறது என்பது எளிய வினா அன்று. மூன்று நாள் கூட்டத்தின் திரளைத் தேடினால் அது கிடைக்கலாம். நான்காம் நாள் சபை பழைய நிலைக்கே திரும்பும். தன் மொழியில் வாசித்து, ஆராய்ந்து, பேசத்தக்க மக்கள் இல்லாத சபையில் எழுப்புதல் வேர்கொள்ள வழியில்லை. இவ்வகையில் தமிழாசிரியரின் பணியும் சபையின் உயிர்ப்பும் தொடர்புடையனவாகின்றன.

முடிவுரை

எழுப்புதலின் பிறப்பு ஆய்வாளரின் அளவைக்கு உட்படுவதன்று. அதன் விளைவு உட்படும். மேற்கண்ட சான்றுகளின் அடிப்படையில், எழுப்புதலை நாடும் சபை தன்னை நோக்கி மூன்று வினாக்களை எழுப்பிக்கொள்ளலாம். பகைத்தவர் ஒப்புரவாயினரா? கடனும் தீங்கும் சரிசெய்யப்பட்டனவா? வெளியிலிருந்து வருபவரை எதிர்பாராது தன் மக்களே தன் மொழியில் கற்கவும் கற்பிக்கவும் முன்வந்தனரா? இவற்றுக்கு ‘ஆம்’ என விடை கூறத்தக்க சபை, பெருங்கூட்டம் எதுவும் நடத்தாதிருப்பினும், எழுப்பப்பட்ட சபையே ஆகும்.