மலைநாட்டின் அடியைக் காட்டும் கடல்

இலங்கை மலைநாட்டின் ஹட்டனிலிருந்து எந்தப் பக்கம் இறங்கினாலும் கடற்கரை வெகு தூரம். ஆனாலும் அங்குள்ள தேயிலை மலைகளைக் கடல் ஓயாமல் அசைத்துக்கொண்டிருக்கிறது. எதிரெதிராக வரும் அலைகள் சந்திக்கும்போது கடலடித் தரையில் அழுத்தம் ஏறி இறங்கும். அதிலிருந்து கிளம்பும் மெல்லிய அதிர்வு பாறை வழியே உள்நாடு வரை வரும். நமக்கு உறைக்காத அந்த அசைவு நிலநடுக்கமானிக்கு உறைக்கும். நெடுங்காலம் அதை வெறும் இரைச்சல் என்று ஒதுக்கிவந்தார்கள்.

நிலத்தடியை ஆராய அந்த இரைச்சலே போதும் என்று 2004, 2005ஆம் ஆண்டுகளில் நிலநடுக்கவியலாளர்களான ஷபிரோ, கம்பியோ முதலியோர் காட்டினார்கள். இரண்டு இடங்களில் கருவி வைத்து, பல மாதப் பதிவுகளை முன்னும் பின்னும் நகர்த்தி ஒப்பிட வேண்டும். ஓரிடத்தைக் கடந்த அலை சற்றுப் பிந்தி மற்ற இடத்தையும் கடக்கும். தொடர்பில்லாத அசைவுகள் கூட்டக்கூட்டத் தேய்ந்துபோக, அந்தத் தாமதம் மட்டும் துலங்கி நிற்கும். தூரம் தெரியும், நேரம் தெரியும், வேகம் கிடைத்துவிடும். நீண்ட அலைகள் ஆழம்வரை அசைக்கும், குறுகியவை மேற்பகுதியோடு நின்றுவிடும். ஆகவே எந்த ஆழத்தில் எவ்வளவு இறுகிய பாறை என்று கணிக்கலாம். வெடி வைக்க வேண்டியதில்லை. பெரிய நிலநடுக்கங்கள் அரிதான இலங்கைக்கு இது பெரும் வாய்ப்பு.

2016-17இல் ஜெர்மனியின் பொட்ஸ்டாம் புவி ஆய்வு மையமும் இலங்கையின் புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகமும் நாடெங்கும் 30 தற்காலிக நிலையங்களை அமைத்தன. இரண்டிரண்டாகச் சேர்த்தால் 435 சோடிகள்! தொலைதூர நிலநடுக்கப் பதிவுகளையும் சேர்த்து ஆராய்ந்து, 2020இல் முடிவுகளை வெளியிட்டார்கள். மேற்குக் கரையோரம் 30 முதல் 35 கிலோமீற்றர் தடிப்புள்ள புவி மேலோடு, மத்திய மலைநாட்டின் கீழ் 38 முதல் 40 கிலோமீற்றர் வரை தடித்திருக்கிறது. அதற்குள்ளேயே 18 முதல் 27 கிலோமீற்றர் ஆழத்தில், மேற்கே லேசாகச் சாய்ந்த ஓர் எல்லையும் உண்டு. ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன் கோண்டுவானாப் பெருநிலம் உருவானபோது நிலத்துண்டுகள் மோதி ஒட்டியதன் தடயமாக அது இருக்கலாம்.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது மண்சரிவுகள் நிகழும் மேல்மண். லொறி, காற்று, ஆறு எழுப்பும் விரைவான அதிர்வுகளைக் கொண்டு சில பத்து மீற்றர் ஆழத்தை இதே முறையில் பார்க்கலாம். சுவிட்சர்லாந்தின் பொன் பூர்க்கன் சரிவில் 2010 ஆகஸ்டில் மண் சரிவதற்குச் சில நாட்களுக்கு முன்பே அலைவேகம் குறையத் தொடங்கியது இப்படித்தான் பதிவானது. அங்கே களிமண், நம் மலைகளில் பாறைத் துண்டுகள் கலந்த மண். அளவுகள் வேறுபடும், இங்கேயே பல மழைக்காலங்கள் அளந்து பழக வேண்டும். 2014 ஒக்டோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் தோட்டத் தொழிலாளரின் லயன் வீடுகளைச் சரிந்த மண் மூடியது. அத்தகைய சரிவுகளின் கீழே இன்னும் மக்கள் குடியிருக்கிறார்கள்; கருவிகளை முதலில் நட வேண்டிய இடம் அதுதான்.