கேட்க முடிந்தது, பேச முடியவில்லை

ஊருக்குப் போகும்போது பெட்டியில் என்ன கொண்டுபோவோம் என்பது நம் எல்லோருக்கும் தெரிந்ததே. பாதாம் பருப்பு, சாக்லேட், மூட்டுவலித் தைலம், பிள்ளைகளுக்கு உடுப்பு. 2019 பொங்கலுக்குப் போனபோது என் பெட்டியில் இவற்றோடு ஒரு சிறு பொட்டலமும் இருந்தது. கட்டைவிரல் நகம் அளவில் பத்து சிவப்பு, பத்து கறுப்பு பிளாஸ்டிக் துண்டுகள். கோவை விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்து பார்த்த அதிகாரி, "என்னங்க இது, குழந்தைங்க விளையாட்டுச் சாமானா?" என்று கேட்டார். "இல்லீங்க, எங்க பெரியப்பாவுக்கு" என்றேன். அவர் சிரித்துவிட்டு மூடிக்கொள்ளச் சொன்னார்.

அந்தத் துண்டுகளைக் கொண்டுபோக வேண்டி வந்த கதையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் ஊர் கோபாலபுரம். பொள்ளாச்சியிலிருந்து பாலக்காட்டுக்குப் போகும் வழியில் சோதனைச் சாவடி இருக்கும் ஊர். நிலம் கேரளத்துச் சித்தூர் தாலுக்கா. வீட்டில் பேசுவது தமிழ். சந்தைக்குப் பொள்ளாச்சி, அரசாங்கக் காரியத்துக்குச் சித்தூர், பெண் கொடுத்து எடுப்பது இரண்டு பக்கமும். மூணாறு, உடுமலைப்பேட்டை என்று மலைக்கு மேலும் கீழும் எங்களுக்குச் சொந்தக்காரர்கள் உண்டு. எல்லைக்கோடு வரைபடத்தில் இருக்கிறது; உறவு அதைப் பார்த்து ஓடுவதில்லை.

பெரியப்பா தமிழ்ப் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அதைவிட ஊரில் அவருக்கு இருக்கும் பெயர் "ரேடியோ வாத்தியார்". 1980களில் மோர்ஸ் தேர்வு எழுதி ஹாம் உரிமம் வாங்கினார். வணிக நோக்கமில்லாமல், அரசு உரிமத்தோடு, தாமே வானொலியில் பேசிக் கேட்கும் பொழுதுபோக்கைத்தான் ஹாம் வானொலி என்கிறோம். நம் நாட்டில் இது 1921 முதலே இருந்து வருகிறது. கல்கத்தாவைச் சேர்ந்த அமரேந்திர சந்திர கூப்து, முகுல் போஸ் ஆகியோரைத்தான் முதல் ஹாம்கள் என்று சொல்வார்கள். சின்ன வயதில் பெரியப்பாவின் மேசைக்குக் கீழே உட்கார்ந்து கேட்ட அந்த "கட்டு கடா" சத்தம்தான் என்னைப் பொறியியல் பக்கம் தள்ளியது. அமெரிக்கா வந்தபின் நானும் இங்கே உரிமம் பெற்றேன்.

அந்த ஆகஸ்ட் இரவு

2018 ஆகஸ்டில் நான் ஊரில் இருந்தேன். கேரளத்தை அந்த மாதம் வெள்ளம் புரட்டிப் போட்டதை நீங்கள் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். 9ஆம் தேதி இடுக்கி நீர்த்தேக்கத்தின் செறுதோணி மதகு 26 ஆண்டுகளுக்குப் பிறகு திறக்கப்பட்டது. 15ஆம் தேதி கொச்சி விமான நிலையம் மூடப்பட்டது. மலைச்சரிவுகளில் மண் சரிந்து பாதைகள் அறுந்தன. மாநிலம் முழுவதும் 400க்கும் மேற்பட்டோர் இறந்தனர்.

கோபாலபுரத்தில் எங்களுக்கு மழையும் காற்றும்தான், வெள்ளம் இல்லை. கரண்ட் மட்டும் போயிருந்தது. பெரியப்பா பழைய 100 வாட் செட்டை ஒரு லாரி பேட்டரியில் மாட்டி வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். பெரியம்மா அரிக்கேன் விளக்கைக் கொண்டுவந்து வைத்தார்.

இரவு எட்டு மணி இருக்கும். இரைச்சலுக்கு நடுவே ஒரு குரல். இடுக்கிப் பக்கத்து ஹாம் ஒருவர், மலையாளத்தில் தொடங்கிப் பிறகு தமிழில் பேசினார். எஸ்டேட் லயத்துக் குடும்பம் ஒன்று பத்திரமாக மேட்டுப் பள்ளிக்கூடத்துக்கு வந்து சேர்ந்துவிட்டது. உடுமலைப்பேட்டையில் கட்டிக்கொடுத்த மகளுக்கு இந்தச் செய்தியைச் சொல்ல வேண்டும். தொலைபேசி எண் இது. கோவை, பொள்ளாச்சிப் பக்கம் யாராவது கேட்கிறீர்களா?

பெரியப்பா எண்ணை எழுதிக்கொண்டார். மைக்கை எடுத்துப் பொத்தானை அழுத்தி வாயைத் திறந்தார். செட்டின் விளக்கு மங்கி அணைந்துவிட்டது. பொத்தானை விட்டார், செட்டுக்கு உயிர் வந்தது. அழுத்தினார்; போய்விட்டது. அந்தப் பக்கத்துக் குரல் மட்டும் தெளிவாகக் கேட்டுக்கொண்டே இருந்தது. "யாராவது கேக்கறீங்களா? யாராவது கேக்கறீங்களா?"

"கேக்குது சாமி, நல்லாக் கேக்குது" என்று பெரியப்பா அணைந்த மைக்கைப் பார்த்துச் சொன்னார். அந்தக் குரலை நான் இன்னும் மறக்கவில்லை.

எங்கள் கைபேசியில் சிக்னல் இருந்தது. உடனே உடுமலைப்பேட்டைக்குக் கூப்பிட்டோம். அந்தப் பெண் பேசவில்லை, அழுதாள். செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது. ஆனால் சேர்ந்துவிட்டது என்பதை மலைமேல் இருப்பவருக்கு எப்படிச் சொல்வது? பதில் வரும்வரை அவர் திரும்பத் திரும்பச் சொல்வார். ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் அவருடைய பேட்டரி கரையும். அடுத்த குடும்பத்தின் செய்திக்கு அது வேண்டும்.

குற்றவாளி யார்?

"செட்டு போயிருச்சு கண்ணு, வயசாயிருச்சு" என்றார் பெரியப்பா. அவருக்கு வயதானதைத்தான் சொன்னாரோ என்னவோ. நான் மல்டிமீட்டரை எடுத்தேன்.

கேட்கும்போது பேட்டரி முனையில் 12.6 வோல்ட், செட்டின் முனையில் ஏறத்தாழ அதே அளவு. பேசப் போகும்போது பேட்டரியில் 12.2. செட்டின் முனையிலோ முள் 9 பக்கம் சரிந்தது. இப்படிப்பட்ட செட்டுகள் 13.8 வோல்ட்டுக்குச் செய்யப்பட்டவை. 15 சதவீதம் கூடலாம், குறையலாம், அதாவது 11.7க்குக் கீழே போனால் ஒழுங்காக வேலை செய்யும் என்று சொல்ல முடியாது. பேட்டரியிலிருந்து கிளம்பிய 3 வோல்ட் வழியிலேயே காணாமல் போயிருந்தது.

வயரைத் தடவிக்கொண்டே போனேன். பாதி வழியில் விரல் சுட்டது. அங்கே பெரியப்பா பல வருடங்களுக்கு முன் போட்ட ஓர் இணைப்பு: வீட்டு மேசை விளக்குக்குப் போடும் 5 ஆம்பியர் இரண்டு முள் பிளக்கும் சாக்கெட்டும். பிளாஸ்டிக் பழுப்பேறி, பித்தளை முள் கறுத்து, பச்சைக் களிம்பு பிடித்திருந்தது.

இதில் உள்ள கணக்கு பள்ளிக்கூடத்தில் நாம் படித்த ஓம் விதிதான். அந்தக் களிம்பின் மின்தடை 0.15 ஓம் என்று வையுங்கள். கேட்கும்போது செட்டுக்கு 1 ஆம்பியர் போதும், இழப்பு 0.15 வோல்ட். யாருக்கும் தெரியாது. பேசும்போது 20 ஆம்பியர் வேண்டும். இழப்பு 3 வோல்ட். அந்த நேரத்தில் பிளக்குக்குள் உண்டாகும் வெப்பம் 60 வாட். ரேடியோக் கடையில் வைத்திருக்கும் சாதாரண சால்டரிங் அயர்ன் 25 வாட்தான்! சூடு ஏற ஏறக் களிம்பு கூடும். களிம்பு கூடக்கூடச் சூடு ஏறும். இணைப்புகள் இப்படித்தான் சாகின்றன.

ஆகவே "செட் நன்றாகக் கேட்கிறது, எல்லாம் சரியாக இருக்கிறது" என்று நம்புவதில் பொருளில்லை. கெட்டுப்போன இணைப்பு, கேட்கும்வரை நல்ல பிள்ளையாக இருக்கும். பேச வேண்டிய நேரத்தில்தான் கைவிடும்.

அடுப்பில் காய்ச்சிய ஈயம்

பிளக்கை வெட்டி எறிந்தேன். கரண்ட் இல்லாததால் மின்சார சால்டரிங் அயர்ன் உதவவில்லை. பெரியப்பாவிடம் அடுப்பில் வைத்துக் காய்ச்சும் பழைய மாதிரி, செம்பு முனை வைத்தது ஒன்று இருந்தது. பெரியம்மா அதை விறகடுப்பில் செருகிக் கொடுத்தார். வயரின் முனைகளைச் சுரண்டிப் பளபளப்பாக்கி, ஒன்றோடொன்று முறுக்கி, ஈயம் பாய்ச்சி, டேப் சுற்றினோம். எல்லாம் முடிய முக்கால் மணி நேரம்.

பெரியப்பா பொத்தானை அழுத்தினார். விளக்கு அணையவில்லை. கூப்பிட்டார். கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். அந்தக் குரல் அங்கே இல்லை.

மறுநாள் காலை ஏழு மணிக்கு மீண்டும் வந்தது. உரிமம் பெற்றவர் பெரியப்பா. நான் இந்தியாவில் பேசத் தனி அனுமதி வேண்டும் என்பதால் மைக்கைத் தொடவில்லை. "நேத்தே சேதி சொல்லியாச்சுங்க. பொண்ணு நிம்மதியாயிருச்சு" என்றார் பெரியப்பா. அந்தப் பக்கம் சிறிது நேரம் மௌனம். பிறகு, "அப்படிங்களா! நான் யாரும் கேக்கலைன்னு நெனச்சு அரைமணி நேரம் கூப்பிட்டேன். பேட்டரி இறங்கிருச்சு. ராத்திரி மிச்சம் நாலு சேதி போகலை" என்றார்.

நாலு சேதி. நாலு வீட்டில் அந்த இரவு யாரும் தூங்கியிருக்க மாட்டார்கள். ஒரு பழைய பிளக் செய்த வேலை.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். செட்டின் முகப்பில் பேசும் திறனைக் குறைக்கும் திருகு இருக்கிறது. 100 வாட்டை 10 வாட்டாகக் குறைத்திருந்தால் மின்னோட்டமும் வெகுவாகக் குறைந்திருக்கும். அந்தக் கெட்ட பிளக் வழியாகவே "கிடைத்தது" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பொறியியல் பட்டம் வாங்கிய எனக்கு அந்த நேரத்தில் அது தோன்றவில்லை.

சிவப்பு வலது, நாக்கு மேலே

இனி அந்தப் பிளாஸ்டிக் துண்டுகளுக்கு வருகிறேன். ஆண்டர்சன் பவர்போல் என்று பெயர். இங்கே அமெரிக்காவில் அவசரகாலத்தில் உதவும் ஹாம் குழுக்கள் பலவும் இதையே பொது இணைப்பாக வைத்துக்கொண்டிருக்கின்றன. காரணம் எளிது. இதில் முள், துளை என்ற வேறுபாடே இல்லை. இரண்டு பக்கமும் ஒரே வடிவம். யாருடைய செட்டும் யாருடைய பேட்டரியோடும் சேரும். ஒரே கூட்டில் 15, 30, 45 ஆம்பியர் முனைகள் பொருந்தும். சிவப்பையும் கறுப்பையும் பக்கவாட்டில் கோத்துவிட்டால் மாற்றிச் செருகவே முடியாது. செருகும் முகத்தை நம் பக்கம் திருப்பிப் பார்த்தால் சிவப்பு வலது புறம், நாக்கு மேலே. இதைத் திருக்குறள்போல் மனப்பாடம் செய்துகொண்டால் போதும்.

பெரியப்பாவின் பழைய பிளக்கில் இந்த இரண்டுமே கிடையாது. தலைகீழாகச் செருகினால் செட் எரிந்துபோகும். அதைவிட ஆபத்து, விவரம் தெரியாத பிள்ளை யாராவது அதை எடுத்துச் சுவரில் 230 வோல்ட்டில் செருகிவிடலாம். வீட்டு மின்சாரப் பிளக்கைப் பேட்டரி வயருக்குப் போட்டிருப்பவர்கள் இன்றைக்கே கழற்றிவிடுங்கள்.

பொங்கலுக்கு மறுநாள் இருவரும் திண்ணையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் மாற்றினோம். மேசையைச் சுற்றிச் சொந்தக்காரப் பிள்ளைகள். செய்தது இவ்வளவுதான்:

வயர் 4 சதுர மில்லிமீட்டர் செம்பு, எவ்வளவு குட்டையாக முடியுமோ அவ்வளவு குட்டை. பேட்டரிக்கு அருகிலேயே, சிவப்பிலும் கறுப்பிலும் ஒவ்வொரு பியூஸ். முனைகளை ஈயம் வைத்து ஒட்டாமல், அதற்கான இடுக்கியால் அழுத்தி நெரித்தோம். ஈயம் இழைகளுக்குள் ஏறினால் அந்த இடம் விறைத்து, ஆட்டத்தில் ஒடியும். ஒவ்வொரு முனையையும் நெரித்தபின் பலமாக இழுத்துப் பார்த்தோம். கையோடு வந்தால் இப்போதே வரட்டும்.

"வருசத்துக்கு ஒருக்கா மழைக்கு முன்னால பார்த்துருவோம்" என்றார் பெரியப்பா. பேசிக்கொண்டே மீட்டர் வைத்துப் பார்ப்பது, பேசி முடித்ததும் இணைப்பைத் தொட்டுப் பார்ப்பது. சுட்டால் மாற்றுவது. கூரை மேய்கிற மாதிரி இதுவும் ஒரு வருட வேலை.

ஏன் இதைச் சொல்கிறேன்?

2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை வந்தபோது, ஐதராபாத் தேசிய அமெச்சூர் வானொலி நிறுவனத்தைச் சேர்ந்த பாரதி பிரசாத் குழுவினர் போர்ட் பிளேயரில் ஹாம் நிலையம் நடத்திக்கொண்டிருந்தார்கள். பொழுதுபோக்குக்குப் போனவர்கள் அன்று அந்தமானிலிருந்து உயிர்ச் செய்திகளை அனுப்பினார்கள்.

அதற்கு மறுபக்கமும் உண்டு. 2020 ஆகஸ்ட் 6ஆம் தேதி இரவு மூணாறு அருகே பெட்டிமுடியில் மலை சரிந்து எஸ்டேட் லயங்களை மூடியது. கயத்தாறு பக்கத்திலிருந்து போய்த் தலைமுறைகளாக உழைத்த தமிழ்க் குடும்பங்கள்; 70 பேர் இறந்தார்கள். மழையில் மின்சாரமும் தொலைபேசியும் ஏற்கெனவே அறுந்திருந்தன. செய்தி வெளியே வர மறுநாள் காலை ஆயிற்று. அதைப் படித்த அன்று நான் பெரியப்பாவுக்குப் போன் செய்தேன். இருவருக்கும் அந்த 2018 இரவுதான் நினைவுக்கு வந்தது.

இங்கே வளரும் நம் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. அமெரிக்காவில் முதல் நிலை ஹாம் தேர்வில் 35 கேள்விகள். 26 சரியாக இருந்தால் வெற்றி. வயது வரம்பு இல்லை. 2007 முதல் மோர்ஸ் தேர்வும் இல்லை. விருப்பம் உள்ளவர்கள் எழுதிப் பாருங்கள். பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். ஊரில் ஒரு ரேடியோ வாத்தியார் உங்களுக்கும் இருந்தால், அடுத்த முறை பெட்டியில் சாக்லேட்டுக்குப் பக்கத்தில் சிவப்பும் கறுப்புமாகச் சில துண்டுகளுக்கு இடம் வையுங்கள்.

போன வாரம் பெரியப்பாவிடம் பேசினேன். "மழை ஆரம்பிக்கப் போகுதுங்க பெரியப்பா, பார்த்தாச்சுங்களா?" என்றேன்.

"தொட்டுப் பார்த்துட்டேன் கண்ணு" என்றார். "சில்லுன்னு இருக்குது."