ஆபீஸில் புது சிஸ்டம் வந்தாச்சா? திணறும் சீனியருக்கு உதவுவது எப்படி?

ஆபீஸில் புது சாஃப்ட்வேர் வந்த முதல் நாள். பத்து வருஷமாகக் கண்ணை மூடிக்கொண்டு பில் போட்ட அக்கவுன்ட்ஸ் அண்ணன், இன்று 'சேவ்' பட்டனைத் தேடிக்கொண்டிருக்கிறார். "தம்பி, ஒரு நிமிஷம் வாயேன்" என்று அவர் கூப்பிடுவது உங்களைத்தான்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான சப்போர்ட்டை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு முடித்துக்கொண்டது. புது சிஸ்டத்துக்கு மாறும் ஆபீஸ்களில் இந்தக் காட்சி சகஜம்.

வயசுதான் காரணமா?

இல்லை, பழக்கம். 2012-ல் வந்த விண்டோஸ் 8-ல் ஸ்டார்ட் பட்டன் காணாமல் போனபோது எல்லா வயதினரும்தான் புலம்பினார்கள். அடுத்த வருஷமே 8.1-ல் பட்டன் திரும்பி வந்தது. தமிழ்99 விசைப்பலகை 1999-ல் தரப்படுத்தப்பட்ட பிறகும், டைப்ரைட்டர் பழகிய விரல்களுக்காகப் பழைய முறையும் தமிழ் மென்பொருள்களில் தொடர்கிறது.

இன்னொரு காரணமும் உண்டு. நேற்று வரை எல்லோரும் சந்தேகம் கேட்ட ஆள், ஒரே நாளில் கத்துக்குட்டி ஆகிவிடுகிறார். அந்தக் கூச்சத்தில் சிலர் கேட்பதையே நிறுத்திவிடுவார்கள். தப்பான என்ட்ரி உள்ளே போவது அப்போதுதான்.

ஆய்வுகள் சொல்வது என்ன?

புது தொழில்நுட்பத்தை மக்கள் ஏற்பதைப் பற்றி ஃப்ரெட் டேவிஸ் 1989-ல் வெளியிட்ட ஆய்வு இரண்டு கேள்விகளை முன்வைத்தது. இது என் வேலைக்கு உதவுமா? பயன்படுத்த ஈஸியா? இதில் முதல் கேள்விக்குத்தான் வலு அதிகம். அதற்கு முன்பே, 1987-ல் ஜான் கேரலும் மேரி பெத் ராசனும் இன்னொன்றைச் சுட்டிக்காட்டினார்கள்: யாரும் மேனுவலைப் படித்துவிட்டு ஆரம்பிப்பதில்லை, கையில் இருக்கும் வேலையை முடிக்கத்தான் பார்ப்பார்கள்.

என்ன செய்யலாம்?

மவுஸைப் பிடுங்காதீர்கள்: "நகருங்க, நான் போடுறேன்" என்றால் வேலை முடியும், பாடம் ஏறாது. மவுஸ் அவர் கையிலேயே இருக்கட்டும்.

அவருடைய வேலையிலிருந்து தொடங்குங்கள்: எல்லா மெனுவும் வேண்டாம். அவர் தினமும் செய்யும் நான்கைந்து வேலைகள் போதும். 'முன்பு எங்கே, இப்போ எங்கே' என்று ஒரே தாளில் எழுதி மானிட்டர் பக்கத்தில் ஒட்டுங்கள்.

தப்பைத் திருத்தும் வழியை முதலில் காட்டுங்கள்: "எதையாவது அமுக்கினா எல்லாம் போயிடுமோ" என்பதுதான் பெரிய பயம். டம்மி டேட்டாவில் போட்டு, அழித்து, திரும்ப எடுத்துப் பார்க்கட்டும்.

நாள் பார்த்து மாறுங்கள்: மாதக் கடைசியும் சம்பள நாளும் புது சிஸ்டம் தொடங்க ஏற்ற நாட்கள் அல்ல.

புகாரெல்லாம் பிடிவாதமா?

அப்படி ஒதுக்கிவிடக் கூடாது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநில சுகாதாரத் துறை 2010 மார்ச்சில் புது சம்பள சிஸ்டத்துக்கு மாறியது. ஆயிரக்கணக்கான ஊழியர்களுக்குச் சம்பளம் குறைவாகவோ, கூடுதலாகவோ, வராமலோ போனது. அங்கே கோளாறு சிஸ்டத்தில்தான்.

"இதுல டிஸ்கவுன்ட் போட இடமே இல்லையே" என்று அண்ணன் சொன்னால், உண்மையிலேயே இல்லையா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் ஐடி டீமுக்கு எழுதுங்கள். பத்து வருஷம் பில் போட்டவர் கண்ணில் படுவது, சாஃப்ட்வேர் செய்தவர் கண்ணில் பட்டிருக்காது.