காடும் கல்லும் என் முழங்காலும்

முழங்கால் வலிக்கு நம் வீடுகளில் இரண்டே தீர்ப்புதான் உண்டு. ஒன்று, "அதெல்லாம் ஒண்ணுமில்லே, நடந்தா சரியாயிடும்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு மாடிப்படி ஏறுவது. மற்றது, "இனிமே அசையவே கூடாது" என்று தைலத்தைத் தடவிக்கொண்டு கட்டிலோடு கிடப்பது. இரண்டுக்கும் நடுவில் மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது, சகோதரிகளே! அதை எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒரு விளையாட்டு. அதுவும் எப்படிப்பட்ட விளையாட்டு? கல்லும் சேறும் நிறைந்த காட்டுக்குள் ஓடுகிற விளையாட்டு!

கையில் வரைபடம், எதிரே காடு

ஓரியன்டியரிங் என்று இதற்குப் பெயர். தமிழில் திசையறி ஓட்டம் என்று சொல்லலாமா? கையில் ஒரு வரைபடமும் காம்பஸும் கொடுத்துக் காட்டுக்குள் அனுப்பிவிடுவார்கள். உள்ளே பத்துப் பன்னிரண்டு இடங்களில் ஆரஞ்சும் வெள்ளையுமாக, பக்கத்துக்கு 30 சென்டிமீட்டர் அளவில் துணிக்கொடிகள் தொங்கும். வரைபடத்தில் அந்த இடங்களை வட்டமிட்டு எண் போட்டிருப்பார்கள். எண் வரிசைப்படி ஒவ்வொரு கொடியாகத் தேடிப் போய், விரலில் மாட்டிய சின்ன மின்னணுக் குச்சியால் பதிவு செய்துவிட்டு, கடைசிக் கோட்டுக்கு வர வேண்டும். ஒரு கொடியிலிருந்து அடுத்ததற்கு எந்த வழியாகப் போவது என்பது நம் இஷ்டம். வேகமாக ஓடுகிறவளைவிட, வழியைச் சரியாகத் தேர்ந்தெடுக்கிறவள் முந்திவிடுவாள்.

இது ஸ்காண்டிநேவிய நாடுகளில் பிறந்த விளையாட்டு. பொதுமக்களுக்கான முதல் போட்டி 1897-ல் நார்வேயில் நடந்தது. ஸ்வீடனில் 1919-ல் மேஜர் எர்ன்ஸ்ட் கில்லாண்டர் ஸ்டாக்ஹோம் பக்கத்தில் பெரிய போட்டி ஒன்றை நடத்தி, இளைஞர்களைக் காட்டுப் பக்கம் இழுத்தார். உலகக் கூட்டமைப்பு 1961-ல் உருவானது. முதல் உலகப் போட்டி 1966-ல் பின்லாந்தில். அதில் பெண்களில் முதலாவதாக வந்தவர் ஸ்வீடனின் உல்லா லிண்ட்க்விஸ்ட்.

தாய்மார்கள் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொரு பெயர், சுவிட்சர்லாந்தின் சிமோன் நிக்லி-லூடர். உலகப் போட்டிகளில் 23 தங்கப் பதக்கங்கள் வாங்கியவர். 2008-ல் ஒரு பெண் குழந்தை, 2011-ல் இரட்டைக் குழந்தைகள். அதற்குப் பிறகும் காட்டுக்குத் திரும்பி வந்து, 2013 வரை தங்கம் வாங்கிக்கொண்டிருந்தார். "பிள்ளை பெத்தாச்சு, இனி என்ன ஓட்டம்?" என்று யாராவது கேட்டால் அவர் பெயரைச் சொல்லுங்கள்.

பாசிக் கல் செய்த வேலை

என் கணவரின் வேலை காரணமாக நாங்கள் ஸ்வீடனில் வசிக்கிறோம். இங்கே வார இறுதியில் குடும்பத்தோடு காட்டுக்குப் போவது நம் ஊரில் கோயிலுக்குப் போவது மாதிரி. அப்படித்தான் இந்த விளையாட்டு என்னைப் பிடித்துக்கொண்டது.

2024 மே மாதம், ஒரு பயிற்சி ஓட்டம். பாசி மூடிய இரண்டு கற்களுக்கு நடுவில் இடது பாதம் சிக்கிக்கொள்ள, உடம்பு ஒரு பக்கம் போக, முழங்கால் உட்பக்கமாக மடங்கிவிட்டது. நம் பக்கம் 'ஜவ்வு' என்று சொல்வோமே, அந்த லிகமென்டில் உட்பக்கம் இருப்பது இழுபட்டிருந்தது. பிசியோதெரபிஸ்ட் அம்மாள் காலைப் பக்கவாட்டில் அழுத்திப் பார்த்துவிட்டு, "இழுபட்டிருக்கு, அறுந்து போகலை. இந்த ஜவ்வுக்கு ரத்த ஓட்டம் நல்லா உண்டு. பெரும்பாலும் தானே ஆறிடும். ஆனா நீங்க அதுக்கு ஒத்துழைக்கணும்" என்றார்.

ஜூலையில் ஓ-ரிங்கன் போட்டி. 1965-லிருந்து ஸ்வீடனில் நடக்கும் ஐந்து நாள் திருவிழா அது. ஆயிரக்கணக்கான பேர், சின்னஞ்சிறுசுகள் முதல் பல்லுப் போன தாத்தா பாட்டி வரை வந்து குவிவார்கள். 2024-ல் ஸ்மோலாண்ட் கடற்கரையில், ஓஸ்கர்ஷாம்ன் ஊரில் நடந்தது. நான் முன்பே பணம் கட்டியிருந்தேன். திருநெல்வேலியிலிருந்து அம்மா போனில், "ஏட்டி, ரெண்டு புள்ளைய வச்சிக்கிட்டு காட்டுக்குள்ள என்ன ஓட்டம் வேண்டிக் கெடக்கு? கால் போச்சுன்னா யாரு பாப்பா?" என்றாள். அம்மா கேட்டதில் நியாயம் இருக்கிறதே! அதே கேள்வியைத்தான் பிசியோதெரபிஸ்டிடமும் கேட்டேன்.

வலிக்கு ஒரு அளவுகோல்

அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. ஒரு அளவுகோலைக் கொடுத்தார். 0 என்றால் வலியே இல்லை. 10 என்றால் நினைத்துப் பார்க்கக்கூடிய மிக மோசமான வலி. 2 வரை கவலையில்லை. 5 வரை பொறுத்துக்கொள்ளலாம். 5-ஐத் தாண்டினால் நிறுத்த வேண்டும். இதைவிட முக்கியமானது மறுநாள் காலை. ராத்திரி தூங்கி எழுந்த பிறகும் வலி பழைய நிலைக்கு இறங்கவில்லை என்றால், முந்தின நாள் செய்தது காலுக்கு அதிகம் என்று அர்த்தம்.

வீக்கத்தைப் பார்க்கவும் கற்றுக்கொடுத்தார். நீங்களும் செய்து பாருங்களேன். கால்களை நீட்டி உட்கார்ந்து, தொடையைத் தளர்த்திவிட்டுப் பாருங்கள். ஒல்லியான காலாக இருந்தால் முழங்கால் சில்லின் ஓரங்களில், முக்கியமாக உட்பக்கம், சின்னப் பள்ளம் தெரியும். மூட்டில் நீர் கோத்தால் அந்தப் பள்ளம் தூர்ந்துவிடும். பக்கத்துக் காலோடு ஒப்பிட்டால் பளிச்சென்று புரியும்.

"வீக்கம் வந்தா அன்னிக்கு ஓட்டம் கிடையாது. இதை இப்பவே முடிவு பண்ணிக்கோங்க. காட்டுக்குள்ளே, ரத்தம் சூடா இருக்கிற நேரத்துல முடிவு பண்ணாதீங்க" என்றார். அந்த வார்த்தையை அப்படியே மனசில் முடிந்துகொண்டேன்.

அடுத்த சில வாரங்கள் தினமும் பயிற்சி. என் வயதினருக்கான பிரிவிலேயே குறுகிய தூரத்துக்கு மாற்றிக்கொண்டேன். ஜூலையில் தட்டையான தரையில் வலியின்றி அரைமணி நேரம் மெதுவாக ஓட முடிந்ததும், "போய் வாங்க" என்று உத்தரவு கிடைத்தது.

நேர்வழியா, சுற்றுவழியா?

ஸ்மோலாண்ட் என்றாலே கல்தான். அந்தக் காலத்து விவசாயிகள் வயலிலிருந்து பொறுக்கிப் பொறுக்கி அடுக்கிய கல்சுவர்கள் இன்றும் காட்டுக்குள் நீளநீளமாகக் கிடக்கின்றன. இப்படிப்பட்ட இடத்தில் முழங்காலைக் காப்பாற்றுவது எப்படி? வரைபடம்தான் கைகொடுத்தது.

திசையறி வரைபடத்தில் நிறம்தான் பாஷை. வெள்ளை என்றால் தாராளமாக ஓடக்கூடிய காடு. பச்சை என்றால் அடர்ந்த புதர். மஞ்சள் திறந்தவெளி. நீலம் தண்ணீர். கறுப்பில் பாறையும் பாதையும். பழுப்புக் கோடுகள் நெருங்கி வந்தால் செங்குத்துச் சரிவு. மற்றவர்கள் எந்த வழி சீக்கிரம் என்று பார்த்தார்கள். நான் எந்த வழியில் இறக்கம் குறைவு என்று பார்த்தேன். ஏனென்றால் நொந்த முழங்காலுக்கு ஏற்றத்தைவிட இறக்கம்தான் எதிரி. இறங்கும்போது உடம்பின் பாரத்தை ஒவ்வொரு அடியிலும் முழங்கால்தான் பிடித்து நிறுத்த வேண்டும்.

மூன்றாம் நாள் ஓட்டத்தில் ஆறாவது கொடியிலிருந்து ஏழாவதற்கு நேர்கோட்டில் 400 மீட்டர்தான். ஆனால் வழியில் பாறைக் கூட்டம், நெருக்கமான பழுப்புக் கோடுகள், அடியில் ஒரு சதுப்பு. பாதையோடு சுற்றினால் 650 மீட்டர். என்னோடு வந்த இரண்டு பெண்கள் மான் மாதிரி சரிவில் குதித்து இறங்கினார்கள். நான் பாதையைப் பிடித்து ஓட்டமும் நடையுமாகப் போனேன். ஏழாவது கொடியில் பார்த்தால் அந்த இருவரில் ஒருத்தி அப்போதுதான் சதுப்பிலிருந்து முழங்கால் அளவு சேற்றோடு வெளியே வருகிறாள்! இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

தவிர்க்க முடியாத இறக்கங்களில் குறுக்கும் நெடுக்குமாக, பக்கவாட்டில் சின்னச் சின்ன அடி வைத்தேன். ஈரக் கல் மேல் காலே வைக்கவில்லை. முதல் நாள் வலி 2, இரண்டாம் நாள் 3, மூன்றாம் நாள் 4. எல்லாம் எல்லைக்குள்தான்.

தூர்ந்துபோன பள்ளம்

ஆனால் மூன்றாவது ஓட்டத்தன்று சாயங்காலமே இடது முழங்கால் கனத்தது. நான்காவது ஓட்டத்தின் காலையில் கூடாரத்தில் காலை நீட்டிப் பார்த்தேன். வலது காலில் பள்ளம் இருந்தது. இடது காலில் இல்லை. வலி என்னவோ 3-தான். வலி சொல்லாததை வீக்கம் சொல்லிவிட்டது.

ஐந்து நாளும் ஓடி முடித்தால்தான் மொத்தப் பட்டியலில் இடம். மூன்று நாள் முடிவில் நான் பட்டியலின் நடுவில் இருந்தேன். அதற்கு முன் அவ்வளவு மேலே வந்ததில்லை. "ஒரு நாள்தானே, மெதுவா நடந்தாவது முடிச்சிடேன்" என்று மனசு கெஞ்சியது. என் கணவர், "உன் இஷ்டம்" என்று மட்டும் சொன்னார். முடிவு மே மாதமே எடுத்து வைத்ததாயிற்றே! எண் அட்டையைப் பைக்குள் வைத்தேன். கண்ணில் நீர் வந்தது உண்மைதான்.

அன்று என் நான்கு வயது மகளோடு சிறுவர் பாதைக்குப் போனேன். குட்டிக் குழந்தைகளுக்காகக் காட்டோரத்தில் மரத்துக்கு மரம் ரிப்பன் கட்டி வைத்திருப்பார்கள். அதைப் பிடித்துக்கொண்டே போனால் வழியில் படங்கள், முடிவில் ஒரு சின்னப் பரிசு. "அம்மா, அடுத்த ரிப்பன் எனக்குத் தெரியுதே!" என்று அவள் முன்னால் ஓட, ஒரு கைப்பிடி காட்டு நாவற்பழம் போலிருந்த புளூபெரியைப் பறித்துத் தின்றுகொண்டே பின்னால் நடந்தேன். சிறு குழந்தை உள்ள தாய் தகப்பன் இருவரும் ஓட வேண்டுமானால், ஒருவர் முன்னதாகவும் ஒருவர் பின்னதாகவும் புறப்படும்படி இங்கே நேரத்தைப் பிரித்துக் கொடுக்கிறார்கள். பெண்கள் இந்த விளையாட்டில் நிலைத்து நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஐந்தாவது ஓட்டத்தின் காலை பள்ளம் மறுபடி தெரிந்தது. முன்பதிவு இல்லாதவர்கள் அன்றன்றே பணம் கட்டி ஓடும் திறந்த பாதைகள் உண்டு. அதில் 3 கிலோமீட்டருக்கும் குறைவான ஒன்றை எடுத்துக்கொண்டேன். ஓட்டத்தைவிட நடைதான் அதிகம். எல்லாக் கொடிகளையும் கண்டுபிடித்தேன். மறுநாள் காலை வலி 1.

வீட்டிலேயே செய்யலாம்

காட்டுக்குப் போகாதவர்களுக்கும் முழங்கால் ஒன்றுதான். மாடிப்படி ஏறி இறங்கும்போது சில்லுக்குப் பின்னால் உடல் எடையைப் போல் சுமார் 3 மடங்கு அழுத்தம் விழுகிறது. ஆழமாகக் குந்தி உட்கார்ந்தால் 7 மடங்கு வரை போகும் என்கிறார்கள். ஆகவே வலி உள்ள நாட்களில் குந்தி உட்கார்ந்து துணி துவைப்பதையும், தரையில் உட்கார்ந்து காய் நறுக்குவதையும் நாற்காலிக்கு மாற்றிக்கொள்ளுங்கள். மாடிப்படியில் ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது நோவுள்ள கால் முதலில்.

நான் செய்த பயிற்சிகள் எளியவைதான். காலை நீட்டி, முழங்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து 5 விநாடி அழுத்திப் பிடிப்பது, 10 தடவை. மல்லாந்து படுத்து, காலை மடக்காமல் ஓரடி உயரம் தூக்கி இறக்குவது, 10 தடவை. ஒருக்களித்துப் படுத்து மேல் காலைத் தூக்குவது, 10 தடவை. இது இடுப்புத் தசைக்கு. இடுப்பு வலுவாக இருந்தால் முழங்கால் உள்ளே சாயாது. நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்காருவது, 10 தடவை. கடைசியாக, அடுப்பில் பால் காயும் நேரத்தில் மேடையைத் தொட்டுக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்பது. எல்லாவற்றுக்கும் அந்த 0 முதல் 10 அளவுகோல்தான் காவல்.

ஆனால் அடிபட்ட உடனே மூட்டு உப்பினாலோ, 'டப்' என்று சத்தம் கேட்டாலோ, காலை ஊன்ற முடியாவிட்டாலோ, மூட்டு நடுவில் பூட்டிக்கொண்டாலோ, திடீரென்று மடிந்து விட்டுக்கொடுத்தாலோ, சிவந்து சூடாகிக் காய்ச்சல் வந்தாலோ கைவைத்தியம் வேண்டாம். உடனே டாக்டரிடம் போங்கள்.

திசையறி ஓட்டத்தில் ஒரு விதி உண்டு. நடுவில் விலகினாலும் கடைசிக் கோட்டுக்கு வந்து, "நான் வந்துவிட்டேன்" என்று பதிவு செய்துவிட்டுத்தான் போக வேண்டும். இல்லாவிட்டால் காட்டில் தொலைந்துவிட்டாளோ என்று தேட ஆரம்பித்துவிடுவார்கள். வலியையும் அப்படித்தான் வீட்டில் உள்ளவர்களிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். "இன்னிக்கு வலி 6. மாடியிலிருந்து துணியை நீங்க எடுத்துட்டு வாங்க" என்று சொல்லிப் பாருங்கள். வெறும் "கால் வலிக்குது" என்பதைவிட அந்த எண்ணுக்கு மதிப்பு அதிகம். எங்கள் வீட்டில் இப்போது என் ஒன்பது வயது மகன்கூட, "அம்மா, இன்னிக்கு எத்தனை?" என்று கேட்டுவிட்டுத்தான் தங்கையை என் இடுப்பிலிருந்து இறக்கிவிடுகிறான்.