உமியும் வெயிலும் இருந்தும் இருளில் இரங்கூன்

வெள்ளையர் காலத்தில் இரங்கூனிலும் ஐராவதிக் கழிமுகத்திலும் இயங்கிய அரிசி ஆலைகள் பெரும்பாலும் உமியையே எரிபொருளாகக் கொண்டிருந்தன. நெல்லைக் குற்றியபின் எஞ்சும் உமியைக் கொதிகலனில் இட்டு நீராவி எழுப்பி, அதனாலேயே அடுத்த நெல்லையும் குற்றினர். அவ்வாலைகளில் உழைத்தவர்களுள் தெலுங்கரும் நம்மவரும் பலர். புதுப்பிக்கத்தக்க ஆற்றல் என்று இன்று பேசப்படுவது நம் பாட்டன்மாருக்குப் புதுச் சங்கதி அன்று.

யாங்கோன் என்று பெயர் மாறிவிட்ட அதே நகரம் இன்று மின்சாரத்துக்கு மணிக்கணக்கில் காத்திருக்கிறது. 2011க்குப் பின் தையல் ஆலைகளும் அடுக்குமாடிகளும் பெருகித் தேவை ஏறியது; 2021 பிப்ரவரியில் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றிய பின் மின்வெட்டு முற்றி, முறைவைத்து மின்சாரம் விடும் நிலை வந்தது. வசதியுள்ளோர் பேட்டரியும் சூரியத் தகடும் வாங்கிக்கொண்டனர். ஏனையோருக்கு மெழுகுவர்த்திதான்.

நகரம் நம்பியிருக்கும் மின்சாரத்தில் பெரும்பகுதி தொலைவிலிருந்து வருவது. ஜப்பானின் போர் இழப்பீட்டுப் பணத்தில் கட்டப்பட்டு 1960இல் இயங்கத் தொடங்கிய பலூசாங் புனல் மின்நிலையம் கயா மலைநாட்டில் உள்ளது. 790 மெகாவாட் திறனுடைய யேவா அணை மாண்டலேக்கு அருகில். நகருக்குள்ளேயே அலோன், தாக்கேத்தா போன்ற இடங்களில் எரிவாயு மின்நிலையங்கள் உண்டு. ஆனால் பர்மியக் கடலடி வாயுவின் பெரும்பங்கு தாய்லாந்துக்கும் சீனாவுக்கும் விற்கப்படுகிறது. பற்றாக்குறையை நிரப்ப 2020இல் இறக்குமதித் திரவ வாயுவில் தொடங்கிய நிலையங்கள், விலை ஏறி, கியாட் நாணயமும் வீழ்ந்ததால் மறு ஆண்டே நின்றன. சொந்த வாயுவை விற்றுவிட்டு அயல் வாயுவை வாங்கிய கணக்கு இது!

வெயிலின் கணக்கோ நேர்மாறானது. மார்ச்சு முதல் மே வரை அணைகளில் நீர் வற்றும். மின்விசிறி நிற்காமல் சுழல வேண்டிய காலமும் அதுவே. சூரியத் தகடு மிகுதியாக விளைவதும் அப்போதுதான். மழைக்காலத்தில் மேகம் மூடித் தகடு சோரும்போது அணைகள் நிரம்பியிருக்கும். ஒன்றன் குறையை மற்றொன்று தீர்க்கும் இந்தப் பொருத்தத்தை ஆட்சியாளர் உரிய காலத்தில் பயன்படுத்தவில்லை. நாட்டின் முதல் பெரிய சூரிய மின்நிலையமே 2019இல்தான் மின்புவில் திறக்கப்பட்டது. 2020இல் ஏறத்தாழ ஆயிரம் மெகாவாட்டுக்கு விடப்பட்ட ஒப்பந்தங்களுள் பல நிறைவேறவில்லை.

2008 மே மாதம் நர்கிசுப் புயல் அடித்தபோது கம்பங்கள் சாய்ந்து நகரின் பல பகுதிகள் நாட்கணக்கில் இருண்டு கிடந்தன. கூரைத் தகடும் புயலில் பறக்கக்கூடும் என்பது உண்மையே. ஆனால் தப்பிய தகடு, கம்பி சீராகும்வரை காத்திராமல் தன் வீட்டுக்கு விளக்கேற்றும்.

உமியை மறந்துவிடலாகாது. நெல்லின் எடையில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு உமி. அதைக் குறைந்த காற்றில் கனலவிட்டு வாயுவாக்கி, பழைய டீசல் எஞ்சினில் செலுத்தி மின்சாரம் எடுக்கும் முறையைக் கழிமுகத்து ஆலைக்காரர்கள் சிலர் கையாண்டு, ஆலையை ஓட்டியதோடு சிற்றூர்களுக்கு மாலைநேர விளக்கும் தந்துள்ளனர். வாயுவைக் கழுவிய கரிய தார்நீர் ஓடையில் கலப்பதே இதிலுள்ள பெருங்குறை. அதனை வடிகட்டும் தொட்டிக்கு ஆகும் செலவை, ஓரிரவு விளக்குக்குக் காசு கொடுக்கும் கிராமத்தான் தலையில் சுமத்த முடியாது. ஆலைக்காரரும் தாமாக ஏற்க முன்வருவதில்லை.